கமிட்டி தேடிய மேசை

கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் இல்லாமல் தும்மக்கூட மாட்டாத மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவரை நாங்கள் கமிட்டி என்போம். முகத்துக்கு நேரே அண்ணே, முதுகுக்குப் பின்னால் கமிட்டி. அம்மா அப்பா வைத்த பெயர் என்று ஒன்று நிச்சயம் இருக்கும். அடையாள அட்டையைப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்களில் யாரும் பார்த்ததில்லை.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனியில் கிராணி வேலை, கணக்கெழுதும் குமாஸ்தா. அது வயிற்றுப்பாட்டுக்கு. உண்மையான தொழில் கூட்டம் நடத்துவது. வீட்டுக்குப் பக்கத்து அம்மன் கோயில் செயலவையில் அவர்தான் செயலாளர், யார் எதிர்த்துப் போட்டியிட்டாலும். பழைய மாணவர் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம், பூப்பந்துக் குழு என்று நாலு நாற்காலி போட்ட இடத்திலெல்லாம் கமிட்டி இருப்பார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மீ கோரேங் நூடுல்ஸ் சொன்னால், “முன்மொழிஞ்சாச்சு. வழிமொழியறது யாரு?” என்று சுற்றிலும் பார்ப்பார். கடைக்காரர் ஒருநாள் வெறுத்துப்போய், “நான் வழிமொழியறேன் பாஸ், சீக்கிரம் சாப்பிட்டு எடத்தை விடுங்க” என்றார். கமிட்டி அதை ஏற்கவில்லை. கடைக்காரர் உறுப்பினர் இல்லையாம்.

தன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில், “சபையில ஆட்சேபம் உண்டான்னு கேளுங்க” என்று ஐயரிடம் சொன்னார் என்றொரு கதை உலவியது. உண்மையா என்று அவர் மனைவியிடமே கேட்டேன். “கேட்டாரும்மா. யாராச்சும் கையைத் தூக்க மாட்டாங்களான்னு நானும் பாத்தேன்” என்று பெருமூச்சு விட்டார் அக்கா.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் விளையாட்டுக்குத் தலைவர். என்ன விளையாட்டு என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்துகொள்வார்கள். கதவைத் திறப்பதா, அரக்கனோடு பேசிப் பார்ப்பதா என்று நாங்கள் முடிவு செய்வோம். எடுத்த முடிவு பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். மேசைமேல் ஒரு வரைபடம் விரித்திருக்கும், அதில் எங்கள் பொம்மைகள் நிற்கும். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி அறையை ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு எங்களுக்காகத் திறந்துவிடுவார்கள். கீழே மல்லிகைச் சரமும் சினிமாப் பாட்டும் விற்றுக்கொண்டிருக்க, மேலே நாங்கள் கடல் அரக்கர்களோடு மல்லுக்கட்டுவோம்.

நாங்கள் என்றால் நான்கு பேர். கதை சொல்லும் கமிட்டி. பங்சாரில் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு பார்க்கும் நான். சுபாங் ஜெயாவில் கணினி வேலை செய்யும் ஷாலினி, எங்களில் இளையவள், எங்களைவிடப் பொறுமை குறைந்தவள். நான்காவது அந்தோணி அண்ணன். மூன்று தலைமுறையாக ரயில்வே குடும்பம். ஞாயிறு காலை பூசையில் பக்தியாகப் பாடிவிட்டு, மதியம் எங்களோடு ஆள் வெட்ட வருவார். அவருடைய பாத்திரம் வேவுக்காரன். படைக்கு முன்னால் தனியே போய், என்ன இருக்கிறது என்று பார்த்து வந்து சொல்பவன். அவர் போய்ப் பார்க்காமல் நாங்கள் ஒரு கதவைக்கூடத் தொட்டதில்லை.

கோயில் கூட்டத்துக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்குதான் எங்கள் ஆட்டத்துக்கும். கடவுள் வாழ்த்து, ஒரு நிமிட மௌன அஞ்சலி, வரவேற்புரை, பிறகு போர். மௌன அஞ்சலி யாருக்கு என்றால், போன வாரம் நாங்கள் கொன்ற எதிரிகளுக்கு. ஷாலினி முதல் தடவை விழுந்து விழுந்து சிரித்தாள். கமிட்டி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. “அவங்களுக்கும் குடும்பம் இருக்கும்லா” என்றார். எல்லோரும் எழுந்து நின்றோம்.

இன்னொரு விதி, நால்வரும் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள்கணக்கு. மூவர் வந்தால் ஆட்டம் கிடையாது. எனக்கு டிங்கிக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மற்ற மூவரும் ஞாயிறு தவறாமல் மாடி அறைக்குப் போய், தே தாரிக் டீ குடித்துவிட்டு, கோரம் இல்லை என்று அறிவித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். குணமாகி வந்த என்னை வரவேற்றது பூங்கொத்து இல்லை, “உன்னால எத்தனை கூட்டம் ஒத்திவச்சோம் தெரியுமா?” என்ற கேள்விதான்.

அந்தோணி அண்ணனுக்கு வெகுநாளாக இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி. அது கண்ணுக்கு ஏறியதை முதலில் பகடைதான் காட்டிக்கொடுத்தது. உருட்டிவிட்டு, “என்னா நம்பர்?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பித்தார். பிறகு வரைபடத்தின் மேல் மூக்கு இடிக்கும்படி குனிந்தார். ஒருநாள் எல்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் தடுக்கி விழுந்தார். மகள் வந்து, இனித் தனியாக விட முடியாது என்று தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக முடிவு செய்தாள். அவளுக்கு அங்கே தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். பகலில் தூங்கினால்தான் உண்டு. நாங்கள் வாராவாரம் அங்கே போய் அந்தச் சின்ன வீட்டில் போர் நடத்த முடியாது. தனக்காக யாரும் அவ்வளவு தூரம் அலையவும் கூடாது என்று அந்தோணி அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டே, “இந்த மூணு மணி இல்லன்னா எனக்கு வாரமே கெடையாதுண்ணே” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

“மேசையை உங்க வீட்டுக்கு அனுப்பி வைப்போம் அங்கிள்,” என்றாள் ஷாலினி. “அதுக்குன்னே சாப்ட்வேர் இருக்கு. மேப்பு, பொம்மை, பகடை எல்லாம் ஸ்க்ரீன்ல வந்துரும். அவங்கவங்க வீட்டுல இருந்தே ஆடலாம்.”

எந்த மென்பொருள் என்பதுதான் பிரச்சினை. ஒன்றா இரண்டா, சந்தையில் கொட்டிக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு மதியத்தில் முடிவெடுத்திருப்பார்கள். கமிட்டி ‘மென்பொருள் தேர்வுத் துணைச் செயலவை’ ஒன்றை அமைத்தார். அதில் உறுப்பினர்கள் நாங்கள் நால்வர். அந்த நால்வரும் பரிந்துரைப்பதைப் பரிசீலிக்க வேண்டிய செயலவையிலும் நாங்களே நால்வர். ஷாலினி தலையில் அடித்துக்கொண்டாள்.

முதலில் வந்த மேசை கண்ணைப் பறித்தது. குகை என்றால் நிஜக் குகை. நம் பொம்மை கையில் பந்தம் பிடித்துக்கொண்டு நடந்தால் வெளிச்சம் விழும் இடம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கும்மிருட்டு. சுவரில் நிழல் ஆடும். நானும் ஷாலினியும் மயங்கிப்போனோம். அந்தோணி அண்ணன் மகள் வீட்டுக் கார்ப் போர்ச்சில் உட்கார்ந்து, மடிக்கணினிக்குள்ளேயே போய்விடுபவர்போல நெருங்கியிருந்தார். கேமராவில் அவர் நெற்றி மட்டும் தெரிந்தது.

“அங்கிள், லெப்ட்ல போங்க. இன்னும் லெப்ட். அது சுவரு அங்கிள்.”

“இதா?”

“இல்ல, அதுவும் சுவரு.”

வேவுக்காரன் ஒரே மூலையில் முட்டி முட்டி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, “பரவால்லம்மா. நீங்க முன்னால போங்க. நான் பின்னால வரேன்” என்றார் அந்தோணி அண்ணன். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நாங்கள் கேட்டதில்லை. போர்ச்சுக்குப் பக்கத்தில் எங்கோ ஒரு சேவல் கூவியது.

கமிட்டி தொண்டையைக் கனைத்தார். “இந்த மேசை நிராகரிக்கப்படுகிறது. மௌன அஞ்சலிக்கு எழுந்து நிக்க இதுல பட்டன் இல்ல.”

“அங்கிள், எந்தச் சாப்ட்வேர்லயும் அந்தப் பட்டன் இருக்காது!” என்று கத்தினாள் ஷாலினி.

“அப்படின்னா எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் சொல்லணும்.”

இரண்டாவது மேசையைக் கமிட்டி தன் கணினியில் நிறுவியதும் அது படுத்துவிட்டது, எழுந்திருக்கவே இல்லை. மூன்றாவதுதான் சரித்திரத்தில் இடம்பெற்றது.

கமிட்டியின் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்துக்கும் பெயர் செயலவைதான். எங்களுடையது ‘செயலவை ஞாயிறு’, அம்மன் கோயிலுடையது ‘செயலவை கோயில்’. பெருந்தொற்றுக் காலத்திலிருந்து கோயில்காரர்களும் கூட்டத்தை வீட்டிலிருந்தே நடத்திப் பழகியிருந்தார்கள். செயலாளர் இணைப்பு அனுப்பினால் கேள்வி கேட்காமல் தட்டுவார்கள். எங்களுக்கு அனுப்பிய இணைப்பைக் கமிட்டி கைதவறி அவர்களுக்கும் அனுப்பியிருந்தார். அந்த ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் உள்ளே நுழைந்து பார்த்தால், குகை நிறையக் கோயில் செயலவை.

கமிட்டி அன்றைக்கு எதிரிகளாக எலும்புக்கூடுகளையும் பெருச்சாளிகளையும் இறக்கி வைத்திருந்தார். உள்ளே வந்தவர்களுக்கு அந்த மேசை கைக்குக் கிடைத்த பொம்மையைக் கொடுத்துவிட்டது. கோயில் தலைவர் எலும்புக்கூடாக நின்றார். பொருளாளருக்குப் பெருச்சாளி அமைந்தது முழுக்கத் தற்செயல். கோயிலில் அதைப் பற்றி இன்றுவரை பேசிக்கொள்கிறார்களாம்.

நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருப்பேன். கமிட்டி கூட்டத்தை எண்ணினார். கோரம் இருந்தது. கோரம் இருக்கும் கூட்டத்தைக் கலைப்பது அவர் மனசாட்சிக்கு ஒத்துவராது. “கூட்டத்தைத் தொடங்கலாம்” என்றார்.

“செயலாளரே, எனக்கு ஒன்னும் தெரியல. எல்லாம் கறுப்பா இருக்கு,” என்றார் கோயில் தலைவர்.

“எனக்கும் அப்படித்தான் இருக்கு,” என்றது பெருச்சாளி.

“பரவால்ல. பேர் சொல்லிட்டுப் பேசுங்க. கேட்டாப் போதும்,” என்றார் கமிட்டி.

திருவிழாவுக்கு வரும் பக்தர்களுக்கு மோர்ப் பந்தல் போடுவதா, சிராப் பந்தல் போடுவதா என்பதுதான் அன்றைய பிரச்சினை. அந்தச் சிவப்புச் சர்பத்துக்கு ஆதரவாகப் பாதிக் குகையும், மோருக்கு ஆதரவாக மீதிக் குகையும் திரண்டன. தலைவர் ஒரு கண்ணியில் சிக்கி, தனக்குத் தெரியாமலே பாதி உயிரை இழந்திருந்தார். வாக்கெடுப்புக்கு முன்னால் திடீரென்று கணீரென ஒரு குரல்.

“இனிப்புநீர்க்காரங்களைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க ஐயா. வெய்யில்ல வந்து நிக்கிறவனுக்குச் சிராப்பை ஊத்தினா அவன் கதி என்னாவறது? மோருதான் நல்லது.”

“யாருப்பா அது? பேர் சொல்லிட்டுப் பேசு.”

“அந்தோணி, ஐயா.”

“எந்த அந்தோணி?”

“வேவுக்காரன்.”

“ஓ. சரி. செயலாளரே, குறிச்சுக்குங்க,” என்றார் கோயில் தலைவர். மோர் வென்றது. அவ்வருடத் திருவிழாவில் அம்மன் பக்தர்கள் குடித்தது ஒரு கத்தோலிக்கர் வாங்கிக் கொடுத்த மோர்.

எல்லோரும் போன பிறகு அந்தோணி அண்ணன் இருமி இருமிச் சிரித்தார். வீடு மாறிய பிறகு அவர் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்கவில்லை. கமிட்டி மட்டும் சிரிக்காமல், “அவங்க யாருமே ஸ்க்ரீனைப் பாக்கல, கவனிச்சீங்களா?” என்றார். ஆனால் அந்த மேசையும் சரிப்படவில்லை. அதில் பேச முடிந்தது, பகடையைத்தான் கண்ணால் பார்த்தால் ஒழிய உருட்ட முடியவில்லை.

அந்த வாரமே டாக்டர், கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த இன்னொரு கண்ணும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்தோணி அண்ணனிடமிருந்து குழுவுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. அலுவலகத்தில் இருந்ததால் காதோடு வைத்துக் கேட்டேன்.

“அண்ணே, ம்மா, ஷாலினி... நாலு பேருக்குப் போட்ட மேசையை ஒருத்தனுக்காகக் கெடுக்கக் கூடாது. ஷாலினிக்குப் புடிச்ச அந்த வெளிச்ச மேசையையே எடுத்துக்குங்க. வேவுக்காரனுக்கே கண்ணு தெரியலன்னா படை எப்படி முன்னால போவும்? நான் வெலகிக்கிறேன்.”

கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து கைப்பேசியைப் பார்த்தேன். கமிட்டி பதில் போட்டிருந்தார்: “வாய்மொழி ராஜினாமா செல்லாது. எழுத்துமூலம் தரவும்.”

எனக்கு வந்த கோபத்தில் உடனே அவரைக் கூப்பிட்டேன். “கண்ணு தெரியாத மனுசன்கிட்ட எழுதிக் கேக்கிறீங்களே, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒன்னு இருக்காண்ணே?”

“விதி விதிதானம்மா,” என்று வைத்துவிட்டார்.

அந்தோணி அண்ணனும் மானஸ்தர். மகளின் ஷிப்ட் மாறும்வரை காத்திருந்து, அவளை விட்டுத் தட்டச்சு செய்து அனுப்பினார். தேதி இல்லை என்று திருப்பினார் கமிட்டி. தேதியோடு வந்தது. காரணம் தெளிவாக இல்லை என்று மறுபடி திருப்பினார். ‘கண் தெரியவில்லை’ என்பதில் என்ன தெளிவு வேண்டும் இந்த மனிதருக்கு? நான் அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன்.

ஷாலினிதான் என் கண்ணைத் திறந்தாள். “அக்கா, கமிட்டி அங்கிள் டெய்லி எனக்குப் போன் போடுறாரு. மௌஸ் இல்லாம கீபோர்டுலயே பகடை உருட்டற சாப்ட்வேர் இருக்கா, வந்த நம்பரை வாய்விட்டுப் படிக்குமா, அப்படின்னு ஒரே கேள்வி. நான் சொல்றதையெல்லாம் கண்ணைத் துணியால கட்டிக்கிட்டு டெஸ்ட் பண்றாராம். ரெண்டு தடவை காப்பியைக் கணினி மேல ஊத்திட்டாரு. ரொம்ப சூசா லா, கஷ்டம்தான், ஆனா விட மாட்டேங்கிறாரு.” ராஜினாமாவைத் திருப்பித் திருப்பி அனுப்பிய நாட்களிலெல்லாம் கமிட்டி செய்துகொண்டிருந்தது இதைத்தான்.

கடைசியில் ஒன்று அகப்பட்டது. படமே கிடையாது. வெள்ளைத் திரையில் எழுத்து மட்டும். ஒரு வரி வந்தால் கணினி அதைப் படித்துக் காட்டும். பகடை என்று தட்டினால் உருட்டி, எண்ணை உரக்கச் சொல்லும். “இதைவிட அசிங்கமான சாப்ட்வேரை நான் பாத்ததே இல்லக்கா. ஆனா பேசுது,” என்றாள் ஷாலினி.

அடுத்த ஞாயிறு நால்வரும் கூடினோம். எழுத்துமூலம், தேதியோடு, தெளிவான காரணத்தோடு வந்துவிட்ட ராஜினாமாவை இனிமேலும் திருப்ப வழியில்லை. அதுதான் முதல் அங்கம்.

“உறுப்பினர் அந்தோணியின் ராஜினாமா. ஏத்துக்க முன்மொழியறது யாரு?”

நானும் ஷாலினியும் வாயைத் திறக்கவில்லை. போர்ச்சில் நாற்காலி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

“நானே முன்மொழியறேன்,” என்றார் அந்தோணி அண்ணன்.

“வழிமொழிய யாரும் இல்ல, தீர்மானம் தள்ளுபடி,” என்றார் கமிட்டி. ஒரே மூச்சில். இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஓர் எறும்பு நுழைய இடமில்லை.

“அண்ணே, கொஞ்சம் கேளுங்க. நான் எல்லாருக்கும் பாரமா...”

“அது அஜெண்டாவில இல்ல, அந்தோணி. அடுத்த அங்கம், மென்பொருள்.”

ஷாலினி முன்மொழிந்தாள். அவள் குரல் உடைந்திருந்தது. வழிமொழிந்த என் குரலும் அப்படித்தான் இருந்திருக்கும். உன் வாக்கு என்ன என்று கமிட்டி கேட்டபோது அந்தோணி அண்ணன் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். பிறகு, “ஆதரவு” என்றார்.

“ஏகமனதாக நிறைவேறியது. குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ளார இருந்து உப்புக் காத்து அடிக்குது. எங்கயோ தண்ணி சொட்டுது. ரெண்டு பாதை. யாரு முன்னால போறது?”

“நான்தான் போவேன். வேற யாரு?” என்ற அந்தோணி அண்ணன் விசையைத் தட்டினார். கணினி கொஞ்சம் யோசித்துவிட்டு, உணர்ச்சியே இல்லாத குரலில் “த்ரீ” என்றது. வேவுக்காரன் நேராகப் பள்ளத்தில் விழுந்தான். அவர் விழுந்ததற்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் தூங்கிக்கொண்டிருந்த மகள் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது கமிட்டி கூப்பிட்டார்.

“ம்மா, ஒரு சந்தேகம். ராஜினாமா விசயத்துல நான் விதிப்படி நடந்துக்கலன்னு நெனைக்கிறேன்.”

“ஏண்ணே?”

“முன்மொழிஞ்ச பெறகு சபைக்கு அவகாசம் கொடுக்கணும். வழிமொழிய ஆள் உண்டான்னு ரெண்டு தடவை கேக்கணும். நான் ஒரு தடவைகூடக் கேக்கல.”

“அதைத்தான் பாத்தோமே. ஏன் கேக்கல?”

“யாராச்சும் வழிமொழிஞ்சிட்டா?” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க ரெண்டு பேரும் அந்த வெளிச்ச மேசை மேல ஆசையா இருந்தீங்க. எனக்குப் பயமா போச்சும்மா.”

“நாங்க வழிமொழிஞ்சிருக்க மாட்டோம்ணே.”

“அது இப்பத் தெரியுது. அப்பத் தெரியலயே,” என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விதிமீறலை அடுத்த கூட்டத்தில் அறிவிக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வற்புறுத்தாமல் வைத்துவிட்டார்.

கடுகு கருகியது தெரியாமல் அடுப்பெதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி தலைவராகக் கிடைக்க நாங்கள் மூன்று பேரும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.